கிரியேட்டின் முதல் ஃபேட் பர்னர் வரை: குத்துச்சண்டை, மல்யுத்த வீரர்களுக்கு சப்ளிமென்ட் கைகொடுக்குமா, காலை வாருமா?

2024 ஆகஸ்ட் 7. பாரிஸ் ஒலிம்பிக்கில் மகளிர் 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டி நடக்க வேண்டிய நாள். காலையில் எடை மெஷினில் ஏறிய வினேஷ் போகத், 50 கிலோவைவிட 100 கிராம் அதிகமாக இருந்தார். அவ்வளவுதான், தகுதிநீக்கம். ஒலிம்பிக் இறுதிக்குப் போன முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை, பதக்கமே இல்லாமல் நாடு திரும்பினார்.

வினேஷ் விவகாரத்துக்கும் சப்ளிமென்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் எடைப் பிரிவு வைத்து நடக்கும் விளையாட்டில் 100 கிராம் என்ன செய்யும் என்பதை நாடே அன்று பார்த்தது. இப்போது இதை யோசித்துப் பாருங்கள். ஜிம்முக்குப் போகும் பலரும் சாதாரணமாக எடுக்கும் கிரியேட்டின் பவுடர், ஒரே வாரத்தில் உடல் எடையை 1 முதல் 2 கிலோ வரை ஏற்றக்கூடியது.

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, டேக்வாண்டோ, எம்.எம்.ஏ என எதிராளியோடு நேருக்கு நேர் மோதும் சண்டை விளையாட்டுகளில் இருப்பவர்கள், ஒரு டப்பாவை வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இது வேலை செய்யுமா? எடை மெஷினில் என்ன காட்டும்? டப்பாவுக்குள் இருப்பது லேபிளில் எழுதியிருப்பது மட்டும்தானா? கடைகளில் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும். மற்ற இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

ஒரு ரவுண்டில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மல்யுத்தத்தில் 3 நிமிடம் வீதம் இரண்டு சுற்று, நடுவில் 30 விநாடி ஓய்வு. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் 3 நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு. யு.எஃப்.சி.யில் 5 நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, சாம்பியன்ஷிப் என்றால் ஐந்து.

இந்த நேரத்துக்குள் உடம்பு மூன்று வழிகளில் சக்தி எடுக்கிறது.

ஒன்று, திடீர் வெடிப்பு. எதிராளியின் காலைப் பிடித்துத் தூக்குவது, அடுத்தடுத்து நாலு பஞ்ச் விடுவது. இதற்குத் தசையில் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் பாஸ்போகிரியேட்டின் உதவும். முழு வேகத்தில் போனால் சுமார் 10 விநாடிதான் தாங்கும்.

இரண்டு, தொடர் மோதல். அரை நிமிடம், ஒரு நிமிடம் என விடாமல் இழுபறி நடக்கும்போது சர்க்கரை வேகமாக எரியும். தசையில் அமிலத்தன்மை கூடும். கை "கல்லு மாதிரி" ஆகிவிட்டது என்று வீரர்கள் சொல்வது இந்தக் கட்டத்தில்தான்.

மூன்று, மூச்சு. ரவுண்டு இடைவெளியில் மீண்டு வருவதற்கும், கடைசி ரவுண்டில் நிற்பதற்கும் ஆக்சிஜன் வழியாகக் கிடைக்கும் சக்தி தேவை.

வேலை செய்யும் சப்ளிமென்ட் எதுவாக இருந்தாலும், இந்த மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும், இல்லையென்றால் மூளையின் விழிப்பைக் கூட்ட வேண்டும். எதைத் தொடுகிறது என்றே சொல்லாமல் "எனர்ஜி, பவர், ஸ்டாமினா" என்று மட்டும் எழுதியிருந்தால் சந்தேகப்படலாம்.

சரி, உண்மையிலேயே வேலை செய்வது எது?

சந்தையில் ஆயிரக்கணக்கான சப்ளிமென்டுகள் உள்ளன. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு 2018-ல் வெளியிட்ட அறிக்கையில், ஆட்டத்திறனை நேரடியாகக் கூட்டுவதற்கு நல்ல ஆதாரம் உள்ளவை என்று சொன்னது ஐந்தே ஐந்தைத்தான். கஃபீன், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா அலனைன், சோடியம் பைகார்பனேட். அதிலும் சில குறிப்பிட்ட சூழல்களில்தான் பலன் என்றது.

கஃபீன்: காபியில் இருக்கும் அதே பொருள்தான். ஒரு கிலோ உடல் எடைக்கு 3 முதல் 6 மில்லிகிராம், போட்டிக்கு சுமார் ஒரு மணி நேரம் முன்பு என்பது ஆய்வுகளில் பயன்படும் அளவு. 60 கிலோ வீரருக்கு 180 முதல் 360 மில்லிகிராம். கிலோவுக்கு 9 மில்லிகிராம் அளவுக்குப் போனால் பலன் கூடாது. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மைதான் கூடும். ப்ரீ ஒர்க்அவுட் பவுடரும் குடித்துவிட்டு மேலே ரெண்டு காபியும் குடிப்பவர்கள் கணக்கை மறந்துவிடுகிறார்கள். கஃபீன் 2004 முதல் தடைப் பட்டியலில் இல்லை, கண்காணிப்பில் மட்டும் இருக்கிறது.

கிரியேட்டின்: மீன், இறைச்சியில் இருப்பது, நம் உடம்பும் தயாரிப்பது. முதலில் சொன்ன 10 விநாடி வெடிப்புக்கான சேமிப்பை இது கூட்டும். தினம் 3 முதல் 5 கிராம் போதும், மூன்று நான்கு வாரத்தில் தசை நிரம்பிவிடும். வேகமாக நிரப்ப வேண்டும் என்றால் தினம் 20 கிராம் வீதம் 5 முதல் 7 நாள் எடுப்பார்கள். சைவ உணவுக்காரர்களுக்கு ஆரம்ப சேமிப்பு குறைவு என்பதால் மாற்றம் கூடுதலாகத் தெரியலாம்.

பீட்டா அலனைன்: தசையில் கார்னோசின் என்ற பொருளைக் கூட்டி அமிலத்தைச் சமாளிக்க உதவும். ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்து எடுத்தால்தான் பலன். இன்னைக்கு எடுத்து நாளைக்கு ரிங்கில் ஏறினால் எதுவும் நடக்காது. எடுத்தவுடன் முகம், கையெல்லாம் ஊசி குத்துவது போல இருக்கும். "ஆஹா, வேலை செய்யுது" என்று பலர் நினைப்பது இந்தக் குறுகுறுப்பைத்தான். அது பக்கவிளைவு மட்டுமே.

சோடியம் பைகார்பனேட்: நம்ம வீட்டுச் சமையல் சோடாவேதான். ரத்தத்தில் அமிலத்தைச் சமன் செய்யும். ஆய்வுகளில் பொதுவாகக் கொடுப்பது கிலோவுக்கு 0.3 கிராம், அதாவது 60 கிலோ வீரருக்கு 18 கிராம். வயிற்று உப்புசம், வாந்தி, பேதி வர நல்ல வாய்ப்பு உண்டு. பயிற்சியில் சோதிக்காமல் போட்டி நாளில் முதல்முறையாக எடுத்தால், எதிராளி அடிக்கும் முன்பே வயிறு அடித்துவிடும்.

நைட்ரேட்: பீட்ரூட் ஜூஸில் நிறைய உண்டு. ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்த உதவும். சண்டை விளையாட்டுகளில் ஆய்வு முடிவுகள் கலவையாகவே உள்ளன. ஒரு சுவாரசியம் என்னவென்றால், நைட்ரேட்டை உடம்புக்குத் தேவையான வடிவத்துக்கு மாற்றும் முதல் வேலையைச் செய்வது வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள். கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்தால் ஜூஸின் பலன் குறைந்துவிடும்.

புரோட்டீன் பவுடர் இந்த லிஸ்ட்ல ஏன் இல்ல?

அது உணவு என்பதால். ஆட்டத்திறனை நேரடியாகக் கூட்டாது, தசை பழுதுபார்க்க உதவும். கடும் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு தினம் 1.4 முதல் 2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ என்றால் 84 முதல் 120 கிராம்.

ஒரு ஸ்கூப் வே புரோட்டீனில் சுமார் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். சமைத்த கோழிக்கறி 100 கிராமிலும், காய்ந்த சோயா உருண்டை 50 கிராமிலும் கிட்டத்தட்ட அதே அளவு கிடைத்துவிடும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். சாப்பாட்டிலேயே இந்தக் கணக்கு முடிந்துவிட்டால் பவுடர் தேவையில்லை. வேலை, பயணம் காரணமாகச் சாப்பாடு தவறுபவர்களுக்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான்.

எடை மெஷினில் என்ன நடக்கும்?

சண்டை விளையாட்டில் கணக்கு மாறுவது இங்கேதான். கிரிக்கெட் வீரரோ கால்பந்து வீரரோ கிரியேட்டின் எடுத்து ஒன்றரை கிலோ கூடினால் யாரும் கேட்கப்போவதில்லை. 57 கிலோ பிரிவு மல்யுத்த வீரருக்கு அந்த ஒன்றரை கிலோதான் பிரச்சினையே.

கிரியேட்டின் தசைக்குள் தண்ணீரையும் இழுத்து வைக்கும். ஆரம்ப வாரத்தில் கூடும் எடை பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். "போட்டிக்கு ரெண்டு நாள் முன்னாடி நிறுத்திட்டா எடை இறங்கிடும்" என்று ஜிம்மில் சொல்வார்கள். இறங்காது. தசையில் ஏறிய கிரியேட்டின் பழைய நிலைக்கு வர 4 முதல் 6 வாரம் வரை ஆகும்.

சமையல் சோடாவிலும் இதே சிக்கல்தான். அதிலுள்ள சோடியம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். எடை பார்ப்பதற்கு முன் எடுத்தால் வம்பு.

எடை எப்போது பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். யு.எஃப்.சி.யில் முந்தைய நாளே எடை பார்த்துவிடுவதால், சாப்பிட்டுத் தண்ணீர் குடித்து மீள ஒரு நாளாவது கிடைக்கும். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் போட்டி நாள் காலையில் எடை, இறுதிக்குப் போனால் மறுநாள் காலை மீண்டும் எடை. பாரிஸில் அமன் ஷெராவத் அரையிறுதிக்குப் பிறகு சுமார் 10 மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்து, 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். இப்படி விளிம்பில் நிற்பவருக்கு "எல்லாரும் எடுக்கிறாங்க, நீயும் எடு" என்ற ஆலோசனை பொருந்தாது. எடைப் பிரிவுக்குள் வசதியாக இருப்பவருக்கும், மேல் பிரிவுக்குப் போகத் திட்டமிடுபவருக்கும் கிரியேட்டின் உதவலாம். ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு கிலோ குறைத்துத்தான் எடை காட்ட முடிகிறது என்பவருக்கு அது கூடுதல் சுமை.

எடை குறைக்கவே மாத்திரை இருக்கே?

இருக்கிறது. மிகவும் ஆபத்தான பகுதியும் இதுதான்.

சிறுநீரைக் கூட்டி எடையைக் குறைக்கும் ஃபியூரோசமைட் போன்ற மாத்திரைகள் உலக ஊக்கமருந்து தடுப்பு நிறுவனமான வாடாவின் தடைப் பட்டியலில் உள்ளன. போட்டி நாளில் மட்டும் இல்லை, ஆண்டு முழுவதும் தடை. வேறு ஊக்கமருந்தை மறைக்கவும் இவை பயன்படும் என்பது ஒரு காரணம். உடலில் உப்புச் சமநிலை குலைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம் என்பது உடல்நலம் சார்ந்த ஆபத்து.

"ஃபேட் பர்னர்" என்று விற்கப்படும் பவுடர், மாத்திரைகளில் சிபுட்ரமின் கலந்திருப்பது உலகின் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. இதய ஆபத்து காரணமாக இந்தியாவில் 2011-லேயே தடை செய்யப்பட்ட மருந்து அது. வாடா பட்டியலிலும் உண்டு.

1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அப்போது முதலில் சந்தேகம் விழுந்தது கிரியேட்டின் மீதுதான். விசாரணையில் தெரிந்தது வேறு. எடை குறைக்க, தண்ணீர் குடிக்காமல், வியர்வை வெளியேறாத உடையை அணிந்து, சூடான அறையில் கடும் பயிற்சி செய்திருக்கிறார்கள். உடல் சூடேறி, நீர் வற்றி உயிர் போயிருக்கிறது. அதன்பிறகு அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடை, சூடான அறைகளுக்குத் தடை வந்தது.

2015 டிசம்பரில் மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்காக எடை குறைத்த சீன எம்.எம்.ஏ வீரர் யாங் ஜியான் பிங் உயிரிழந்தார். வயது 21. அதன்பின் அந்த அமைப்பு, நீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, வீரர்களின் சிறுநீரைச் சோதித்து உடலில் போதிய நீர் இருக்கிறதா என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது.

கிரியேட்டின் எடுத்தா கிட்னி போயிடுமா?

அடிக்கடி வரும் கேள்வி. ஆரோக்கியமானவர்கள் சொன்ன அளவில் எடுத்தால் சிறுநீரகம் கெடும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. பயம் வரக் காரணம், ரத்தப் பரிசோதனையில் வரும் கிரியேட்டினின் என்ற எண். கிரியேட்டின் உடைந்து வெளியேறும்போது கிரியேட்டினினாகத்தான் போகும். பவுடர் எடுப்பவருக்கு அந்த எண் கொஞ்சம் கூடித் தெரியலாம். பரிசோதனைக்குப் போகும்போது "நான் கிரியேட்டின் எடுக்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே சிறுநீரகப் பிரச்சினை, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. உடலில் நீர் வற்றவைத்து எடை குறைக்கும் நாட்களில் சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே அழுத்தம் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டப்பாவுக்குள் வேறு என்ன இருக்கிறது?

ஜெர்மனியின் கொலோன் ஊக்கமருந்து ஆய்வகம் 2000-01 காலகட்டத்தில் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்டுகளைச் சோதித்தது. எதிலும் ஹார்மோன் இருப்பதாக லேபிளில் எழுதவில்லை. ஆனால் 94 டப்பாக்களில் ஸ்டீராய்டு வகைப் பொருட்கள் இருந்தன. கிட்டத்தட்ட 15 சதவீதம். ஏழு டப்பாவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆலையில், ஒரே மெஷினில் பல பொருட்கள் தயாராவதாலும் கலக்கலாம். "எடுத்தவுடனே ரிசல்ட்" காட்ட வேண்டுமென்று வேண்டுமென்றே கலப்பவர்களும் உண்டு.

இதில் சிக்கிய சில வீரர்களின் கதை இது.

யோயல் ரொமேரோ: 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மல்யுத்த வெள்ளி வென்ற கியூபா வீரர், பின்னாளில் யு.எஃப்.சி நட்சத்திரம். 2016-ல் இவரது சாம்பிளில் தடை செய்யப்பட்ட இபுடாமோரென் இருந்தது. அவர் எடுத்த சப்ளிமென்டின் சீல் உடைக்காத டப்பாவை அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு அமைப்பே வாங்கிச் சோதித்தது. அதிலும் இபுடாமோரென். லேபிளில் அந்தப் பெயரே இல்லை. இரண்டு ஆண்டு வரை போயிருக்கக்கூடிய தடை 6 மாதமாகக் குறைந்தது. தயாரிப்பு நிறுவனத்தின் மீது அவர் வழக்குப் போட, 2019-ல் நியூஜெர்சி நீதிமன்றம் 2 கோடியே 74.5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள். தவறு டப்பாவில் என்று நிரூபித்த பிறகும், 6 மாதம் வெளியே உட்கார்ந்தது அவர்தான்.

லியோட்டோ மச்சிடா: யு.எஃப்.சி முன்னாள் சாம்பியன். 2016-ல் பரிசோதனைப் படிவத்தில் "இதை எடுக்கிறேன்" என்று தானே ஒரு சப்ளிமென்டின் பெயரை எழுதிக்கொடுத்தார். அது அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாகக் கிடைத்த 7-கீட்டோ டி.ஹெச்.இ.ஏ. தடைப் பட்டியலில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. 18 மாதம் தடை. கடையில் கிடைக்கிறது என்பதற்கும் விளையாட்டில் அனுமதி உண்டு என்பதற்கும் தொடர்பு இல்லை.

நர்சிங் யாதவ்: 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் மெத்தாண்டினோன் என்ற ஸ்டீராய்டு இவரது சாம்பிளில் இருந்தது. தன் உணவில் யாரோ சதி செய்து கலந்துவிட்டதாகச் சொன்னார். நாடா எனப்படும் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் குழு அதை ஏற்று விடுவித்தது. வாடா மேல்முறையீடு செய்ய, விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் நீதிமன்றம் போதிய ஆதாரம் இல்லை என்று 4 ஆண்டு தடை விதித்தது. ரியோவில் அவர் களமிறங்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் வந்த தீர்ப்பு அது.

மூன்று கதைகளுக்கும் பின்னால் இருப்பது ஒரே விதி. உங்கள் உடம்புக்குள் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. "எனக்குத் தெரியாது", "கோச் கொடுத்தார்", "நண்பன் கொடுத்தான்" என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை அழிக்காது. அசுத்தமான சப்ளிமென்டால் வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வீரருக்குத்தான். ரொமேரோ நிரூபித்தார். ஒரு மாவட்ட அளவிலான வீரர், டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு எதை வைத்து நிரூபிப்பார்?

2024-ல் இந்தியாவில் 7,113 சாம்பிள்கள் சோதிக்கப்பட்டு, 260 பாசிட்டிவ் வந்ததாக வாடா புள்ளிவிவரம் சொல்கிறது. இது 3.6 சதவீதம். இவர்கள் அனைவரும் சப்ளிமென்டால் சிக்கியவர்கள் அல்ல. ஆனால் சோதனை நடக்கிறது, மாட்டுகிறார்கள் என்பது நிஜம்.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

• மெத்தில்ஹெக்ஸேனமின் அல்லது டி.எம்.ஏ.ஏ. சில டப்பாக்களில் "ஜெரேனியம் சாறு" என்ற பெயரில் வரும். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு முன் மல்யுத்த வீரர்கள் உட்பட இந்திய வீரர்கள் சிலர் இதில்தான் சிக்கினார்கள்.
• ஹைஜெனமின். சில தாவரங்களில் இயற்கையாகவே இருப்பது. ஆனாலும் தடை. "ஹெர்பல்", "நேச்சுரல்" என்றால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. லேகியத்துக்கும் இதே விதிதான்.
• "ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்" என்று எழுதி, ஒவ்வொரு பொருளும் எவ்வளவு என்று சொல்லாத டப்பாக்கள். கஃபீன் எத்தனை மில்லிகிராம் என்றே தெரியாது. தவிர்ப்பது நல்லது.
• எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண். இது கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் அது உணவுப் பாதுகாப்புக்கான உரிமம். ஊக்கமருந்து இல்லை என்ற சான்று அல்ல.
• இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட், என்.எஸ்.எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் போன்ற முத்திரைகள். இவை ஊக்கமருந்துக் கலப்பு உள்ளதா எனத் தனியாகச் சோதித்துத் தரும் சான்றுகள். ஆபத்தைக் குறைக்கும், பூஜ்யமாக்காது. முத்திரை போலியா என்று அந்த அமைப்பின் தளத்தில் பேட்ச் எண்ணை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வடசென்னையில் கிளவுஸ் போடும் பையனுக்கு இது எதுக்கு?

வடசென்னைக் குத்துச்சண்டையின் பாரம்பரியத்தை "சார்பட்டா பரம்பரை" படம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்று அந்தப் பகுதி மட்டுமில்லை, பல ஊர்களில் பாக்ஸிங், கிக் பாக்ஸிங் கிளப்புகள் வந்துவிட்டன. அங்கே சேரும் பிள்ளைகளில் பலர் 18 வயதுக்குக் கீழ். அவர்களுக்குத் திறனைக் கூட்டும் சப்ளிமென்டுகளைக் குழந்தைகள் நல மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை. வளரும் வயதில் தூக்கம், சாப்பாடு, பயிற்சி மூன்றும் தரும் முன்னேற்றத்தை எந்த டப்பாவும் தராது. மாதாமாதம் டப்பாவுக்குப் போகும் காசில் முட்டையும் பாலும் சுண்டலும் தாராளமாக வாங்கலாம். பெற்றோர் இதைக் கோச்சிடம் தயங்காமல் கேட்கலாம்.

எடுக்கத்தான் போறீங்கன்னா, இதைச் செய்யுங்க

1. முதலில் விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணரிடமோ டாக்டரிடமோ பேசுங்கள். விற்பவரின் ஆலோசனை ஆலோசனை ஆகாது.
2. மருந்து எதுவாக இருந்தாலும் நாடாவின் "நோ யுவர் மெடிசின்" செயலியில் தடை உண்டா என்று பாருங்கள்.
3. புதிய பொருளைப் போட்டிக்கு முந்தைய வாரம் தொடங்க வேண்டாம். பயிற்சிக் காலத்தில் தொடங்கி, தினமும் எடையைக் குறித்து வையுங்கள்.
4. ஒவ்வொரு டப்பாவின் பில், பேட்ச் எண், புகைப்படம் மூன்றையும் வையுங்கள். முடிந்தால் அதே பேட்ச்சில் சீல் உடைக்காத ஒரு டப்பாவும். ரொமேரோவைக் காப்பாற்றியது அதுபோன்ற ஒரு டப்பாதான்.
5. சாம்பிள் எடுக்கும்போது, கடந்த 7 நாளில் எடுத்த எல்லாவற்றையும் படிவத்தில் எழுதுங்கள். மறைத்தால் பின்னால் பேச வாயிருக்காது.
6. சக வீரர் கொடுக்கும் மாத்திரையை வாங்காதீர்கள். 2016-ல் ஜான் ஜோன்ஸ் ஓராண்டு தடை வாங்கியது, சக வீரர் கொடுத்த ஒரு மாத்திரையால்தான்.

சுருக்கமாகச் சொன்னால், வேலை செய்யும் சப்ளிமென்டுகள் உண்டு. எண்ணிக்கையில் ஐந்து, பலனில் சின்ன அளவு. பல ஆண்டு பயிற்சியோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னது. ஆனால் தப்பான டப்பா ஒன்று எடை மெஷினிலோ பரிசோதனைக் கூடத்திலோ காலை வாரினால், போவது ஒரு போட்டியாகவும் இருக்கலாம், நான்கு ஆண்டுகளாகவும் இருக்கலாம். டப்பாவைத் திறக்கும் முன் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுங்கள்.